காய்ந்த கடற்கரையில் பச்சைப் புல்: தென் ஸ்பெயின் கோல்ஃப் யாருடைய தண்ணீரைக் குடிக்கிறது?

2023 ஜூலையில் ஸ்பெயின் முழுக்க 10 கோல்ஃப் மைதானங்களில் குழிகள் அடைக்கப்பட்டன. பந்து விழவேண்டிய குழியில் சில இடங்களில் செடி, சில இடங்களில் சிமென்ட். செய்தவர்கள் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் என்ற சூழலியல் போராட்டக் குழுவினர். நாடு வறட்சியில் காய்கிறது, பணக்காரர்களின் விளையாட்டுக்குத் தண்ணீர் போகிறது என்பது அவர்கள் வாதம்.

இரண்டே மாதம் கழித்து, அதே ஆண்டு செப்டம்பரில், தென் ஸ்பெயினின் காசாரெஸ் ஊரில் உள்ள ஃபின்கா கோர்த்தெசின் மைதானத்தில் சோல்ஹைம் கோப்பை நடந்தது. ஐரோப்பியப் பெண்கள் அணியும் அமெரிக்கப் பெண்கள் அணியும் மோதும் போட்டி. 14-14 என்று சமனில் முடிந்து, கோப்பை ஐரோப்பாவிடமே தங்கியது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் கண்ணில் நின்றது அந்தப் பச்சை. அதே வாரத்தில், அதே மலாகா மாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான லா வின்யுவேலாவில் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரே மாகாணத்தில் இரண்டும் எப்படி? விளையாட்டுக்காகக் குடிதண்ணீரைத் திறந்துவிடுகிறார்களா? இல்லை என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் அந்த "இல்லை"யோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இடம்: மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பட்டை

ஸ்பெயினின் தெற்குக் கோடியில் உள்ள மாநிலம் அந்தலூசியா. அதில் மலாகா மாகாணத்தின் மத்தியதரைக் கடற்கரைக்கு கோஸ்டா டெல் சோல் என்று பெயர்; "வெயில் கடற்கரை" என்று பொருள். மலாகா நகரிலிருந்து மேற்கே தோர்ரெமோலினோஸ், ஃபுவென்கிரோலா, மார்பெல்லா, எஸ்தெபோனா என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. பின்னால் உடனே மலை. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அந்த மலைகள் தடுத்துவிடுவதால், ஜனவரியிலும் பகல் வெப்பம் 17 டிகிரி வரை போகும்.

மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். அதைவிட முக்கியம், அது எப்போது பெய்கிறது என்பது. பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் அநேகமாக வெறுமையாக இருக்கும். அந்த நாட்களில் உள்நாட்டிலிருந்து தெர்ரல் என்ற வறண்ட வெப்பக்காற்று இறங்கினால், மலாகாவில் 40 டிகிரியைத் தொடுவது அதிசயமில்லை. பெய்யும்போதும் நிதானமாகப் பெய்யாது, கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். 1997 செப்டம்பரில் பக்கத்து காதிஸ் மாகாணத்தின் வல்டெர்ராமா மைதானத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ஆண்கள் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பை நடந்தபோது, பேய்மழையால் ஆட்டம் தள்ளிப்போனது. ஐரோப்பியக் கண்டத்து மண்ணில் நடந்த முதல் ரைடர் கோப்பை அது. செவே பாயெஸ்தெரோஸ் தலைமையிலான ஐரோப்பிய அணி 14½–13½ என்று வென்றது.

இந்தப் பட்டையில், மலாகா மாகாணத்தில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. கோஸ்டா டெல் சோலை "கோஸ்டா டெல் கோல்ஃப்" என்றே விளம்பரப்படுத்துகிறார்கள்.

ஒரு மைதானத்தில் என்னென்ன இருக்கும்

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நான்கு சொற்கள் போதும். பந்தை முதலில் அடித்துத் தொடங்கும் சிறு மேடை டீ. அங்கிருந்து குழியை நோக்கி நீளும், சீராக வெட்டிய புல்பாதை ஃபேர்வே. அதன் இருபுறமும் வெட்டாமல் விட்ட உயரப்புல் ரஃப். கடைசியில் குழி இருக்கும் வழவழப்பான வட்டம் கிரீன். இப்படி 18 குழிகள் சேர்ந்தால் ஒரு முழு மைதானம். ஒரு குழிக்கு 150 மீட்டரும் இருக்கலாம், 500 மீட்டரும் இருக்கலாம். எல்லாம் சேர்த்து 50, 60 ஹெக்டேர் நிலம் பிடிக்கும். ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 125 முதல் 150. அதில் எல்லா இடத்துக்கும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மரங்கள், புதர்கள், மணல் குழிகள், பாதைகள் போக, நனைக்கவேண்டிய பரப்பு 35 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் கணக்குப் போட இந்த எண் வேண்டும்.

இங்கே ஏன் இத்தனை?

முதல் மைதானம் 1925-இல் மலாகாவுக்கும் தோர்ரெமோலினோஸுக்கும் இடையில், கடலை ஒட்டித் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஆங்கிலேயரான ஹாரி கோல்ட். அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சுற்றுலாவுக்காக ஸ்பெயின் கதவைத் திறந்த 1950-களின் கடைசியில்தான் வேகம் பிடித்தது. 1959-இல் குவாதல்மினா. 1964-இல் சோட்டோகிராண்டே, அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஐரோப்பாவில் அமைத்த முதல் மைதானம் இது. 1968-இல் மார்பெல்லாவின் நுவேவா அந்தலூசியா பகுதியில், இன்று லாஸ் பிரிசாஸ் எனப்படும் மைதானம். 1970-களில் அதற்குப் பக்கத்திலேயே அலோஹாவும் லாஸ் நராங்கோஸும் வந்தன. அந்தப் பகுதிக்கே "கோல்ஃப் பள்ளத்தாக்கு" என்று பெயர் நிலைத்துவிட்டது.

காரணங்கள் இரண்டு.

1. காலியான அறைகள். கடற்கரை விடுதி ஜூலை, ஆகஸ்டில் நிரம்பி வழியும். நவம்பர் வந்தால் ஆளில்லை. ஆனால் அதே நவம்பரில் இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் மைதானங்கள் சேறாகவோ உறைபனியாகவோ கிடக்கும். இரண்டு மூன்று மணி நேர விமானப் பயணத்தில் வெயில் அடிக்கும் ஓர் இடம் இருந்தால் கோல்ஃப் ஆடுபவர் வருவார். அதனால் இங்கே கோல்ஃபின் உச்ச பருவம் கோடை அல்ல. இலையுதிர் காலமும் வசந்த காலமும்தான். கடற்கரைப் பருவமும் கோல்ஃப் பருவமும் ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்புகின்றன. ஒரு விடுதி ஊழியருக்கு ஆண்டு முழுக்க வேலை இருப்பதற்கும் ஆறு மாதம் மட்டும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

2. மனை விலை. மேலே சொன்ன மைதானங்களில் பல, விளையாட்டுக்கென்று தனியாகப் போட்டவை அல்ல. சோட்டோகிராண்டேயும் சரி, நுவேவா அந்தலூசியாவும் சரி, ஒரு பெரிய நிலத்தை வாங்கி, நடுவே மைதானம் வைத்து, சுற்றிலும் மனை பிரித்து விற்ற திட்டங்கள். ஃபேர்வே நீளமான பட்டை என்பதால் அதன் இரண்டு ஓரங்களிலும் வீடு கட்டலாம். ஒரே மைதானத்துக்குப் பல கிலோமீட்டர் ஓரம் கிடைக்கும். அங்கே வீடு விற்பவர்கள் "முதல் வரிசை கோல்ஃப்" என்று விளம்பரம் செய்வார்கள், கடலோரத்து வீட்டுக்கு "முதல் வரிசை கடற்கரை" என்று சொல்வதைப் போல. மைதானத்தின் வருமானம் ஆடவருபவர் தரும் கட்டணம் மட்டுமல்ல. சுற்றியுள்ள வீடுகளின் விலையில் ஏறும் தொகையும் அதில் அடக்கம்.

இந்த இரண்டாவது காரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விவாதத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

புல்: நமக்குத் தெரிந்த அருகம்புல்தான்

அங்கே ஃபேர்வேக்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா புல். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். நம் ஊரில் பிள்ளையாருக்கு மாலை கட்டும் அருகம்புல் அதே இனம். மைதானங்களில் போடுவது, அதை ஆப்பிரிக்க வகை ஒன்றோடு கலந்து உருவாக்கிய மெல்லிய இலைக் கலப்பினம்.

அருகம்புல்லின் குணம் நமக்குத் தெரியும். வெயிலில் வாடாது, மிதித்தால் சாகாது, வேரோடு பிடுங்கினாலும் ஒரு கணுவிலிருந்து மறுபடி தழைக்கும். குளிர்நாட்டுப் புல்வகைகளைவிடக் குறைந்த தண்ணீரில் கோடையைக் கடந்துவிடும். உப்பையும் ஓரளவு தாங்கும். இவ்வளவு நல்ல குணத்துக்கும் ஒரு விலை உண்டு. குளிர் வந்தால் அது உறங்கிவிடும், வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். செத்துவிடுவதில்லை, பூமி சூடானதும் மீண்டும் பச்சையாகும்.

பிரச்சினை என்னவென்றால், அது பழுப்பாகும் காலத்தில்தான் வடக்கிலிருந்து விருந்தினர் வருகிறார்கள். அதனால் பல மைதானங்களில் அக்டோபரில் உறங்கப்போகும் அருகம்புல் மேலேயே ரை புல் விதையைத் தூவுகிறார்கள். விதை முளைக்கும் வரை மேல்மண் ஈரமாகவே இருக்கவேண்டும், அதற்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சவேண்டும். வெயில் ஏறியதும் ரை புல் மடிந்து, அருகம்புல் எழும்பும். ஆண்டுதோறும் இதே சுழற்சி. ஆட்டத்துக்கு இது கட்டாயமில்லை, உறங்கும் பழுப்புப் புல்லிலும் பந்து நன்றாகவே உருளும். பச்சை தேவைப்படுவது கண்ணுக்கும் புகைப்படத்துக்கும்தான். வறட்சி ஆண்டில் முதலில் நிறுத்தவேண்டியது இந்த விதைப்பு என்பது என் கருத்து.

கிரீன் வேறு கதை. 3, 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு மழித்து வைக்கும் புல் அது. பல மைதானங்களில் அங்கே பென்ட் என்ற குளிர்நாட்டுப் புல் இருக்கிறது. ஆகஸ்ட் மதியத்தில் அது வதங்காமலிருக்கப் பணியாளர் கையில் குழாயோடு நின்று பனிபோல நீர் தூவுவார். பரப்பு சின்னதுதான், ஆனால் மைதானத்தில் அதிகக் கவனிப்பு கேட்பது அதுவே.

எவ்வளவு தண்ணீர்? ஒரு கணக்கு

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கவைத்தால் 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். ஜூலையில் அருகம்புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தேவை என்று கொண்டால்:

35 ஹெக்டேர் × 5 மில்லிமீட்டர் = 1,750 கன மீட்டர். ஒரு நாளைக்கு 17.5 லட்சம் லிட்டர்.

ஆண்டு முழுக்க, மழை தருவது போக 900 மில்லிமீட்டர் பாய்ச்சவேண்டும் என்றால் 3.15 லட்சம் கன மீட்டர். ஒரு மைதானத்துக்கு ஆண்டுக்கு 31.5 கோடி லிட்டர். மண்ணையும் புல்லையும் பராமரிப்பையும் பொறுத்துக் கூடும் குறையும், ஆனால் இந்த அளவில்தான் இருக்கும்.

இது அதிகமா, குறைவா? எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இரு தரப்பும் இந்த இடத்தில்தான் தங்களுக்கு வசதியான அளவுகோலை எடுத்துக்கொள்கின்றன.

கோல்ஃப் தரப்பு மாநிலக் கணக்கைக் காட்டும். அந்தலூசியாவின் நீரில் ஐந்தில் நான்கு பங்கு விவசாயத்துக்குப் போகிறது, கோல்ஃபின் பங்கு மிகச் சிறியது. உண்மைதான். ஆனால் அந்தலூசியாவின் ஆலிவ் தோப்புகள் விரிந்திருக்கும் இடம் வேறு, கோல்ஃப் குவிந்திருக்கும் இடம் வேறு. எழுபது மைதானங்களை ஒரே கடற்கரைப் பட்டையில் வைத்து மேலே உள்ள எண்ணால் பெருக்கினால், ஆண்டுக்கு 2.2 கோடி கன மீட்டர் வருகிறது. மேற்கு கோஸ்டா டெல் சோலுக்குக் குடிநீர் தரும் லா கொன்செப்சியோன் நீர்த்தேக்கத்தின் மொத்தக் கொள்ளளவே சுமார் 5.7 கோடி கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 2 டிஎம்சி. மார்பெல்லாவின் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் வடிவமைப்புத் திறன் ஆண்டுக்கு 2 கோடி கன மீட்டர். உள்ளூர் அளவில் பார்த்தால் கோல்ஃபின் தேவை அற்பமானதல்ல. மாநிலச் சராசரி இதை மறைத்துவிடுகிறது.

எதிர்த்தரப்பு ஆட்கணக்கைக் காட்டும். 2024 தொடக்கத்தில் வறட்சி உச்சத்தில் இருந்தபோது, மலாகா மாகாணத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 160 லிட்டர் என்ற வரம்பு வந்தது. 17.5 லட்சத்தை 160-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11,000 பேர். "ஒரு மைதானம் குடிக்கும் தண்ணீர் 11,000 பேரின் தண்ணீர்" என்று தலைப்புப் போடலாம். எண்ணில் தவறில்லை. அது சொல்லும் பொருளில்தான் தவறு, ஏனென்றால் இரண்டும் ஒரே குழாயில் வரும் தண்ணீர் அல்ல.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

பழைய காலத்தில் ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும்தான். இன்று நிலைமை வேறு. அதற்குக் காரணமான கண்ணிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. 1991-இல் ஐரோப்பிய ஒன்றியம், நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடக்கூடாது என்று சட்டம் போட்டது. கடலோர ஊர்கள் சுத்திகரிப்பு நிலையம் கட்டியாக வேண்டும் என்றானது.

2. சாதாரணச் சுத்திகரிப்பு இரண்டு கட்டம். முதலில் திடப்பொருளை வண்டலாகப் படியவைப்பது, அடுத்து நுண்ணுயிர்களைக் கொண்டு கரைந்த அழுக்கைச் சிதைப்பது. இதுவரை வந்த நீரைக் கடலில் விடலாம், ஆனால் ஆட்கள் நடமாடும் புல்லில் தெளிக்கக்கூடாது. அதற்கு மூன்றாம் கட்டம் வேண்டும். மணல் வடிகட்டியோ சவ்வோ போட்டு வடித்து, புற ஊதாக் கதிராலோ குளோரினாலோ கிருமியைக் கொல்வது. இந்த மூன்றாம் கட்டத்தையும் தாண்டி வருவதுதான் மீட்டெடுத்த நீர்.

3. 2007-இல் ஸ்பெயின் அரசு, மீட்டெடுத்த நீரை எதற்கு எந்தத் தரத்தில் பயன்படுத்தலாம் என்று அரசாணை (1620/2007) வெளியிட்டது. கோல்ஃப் மைதானத்துக்கு 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா 200-ஐத் தாண்டக்கூடாது என்று வரம்பு. 2024-இல் அந்த ஆணைக்குப் பதில் புதிய ஆணை வந்திருக்கிறது.

4. 2008-இல் அந்தலூசியா அரசு கோல்ஃப் மைதானங்களுக்கென்றே தனி ஆணை (43/2008) போட்டு, பாசனத்துக்கு மீட்டெடுத்த நீர் என்பதை அடிப்படையாக வைத்தது.

5. மேற்கு கோஸ்டா டெல் சோலில் இந்த நீரைத் தயாரித்து அனுப்புவது அகோசோல் என்ற பொது நிறுவனம், அங்குள்ள ஊராட்சிகளின் கூட்டமைப்புக்குச் சொந்தமானது. மார்பெல்லாவில் லா விபோரா, எஸ்தெபோனாவில் குவாதல்மன்சா போன்ற நிலையங்களிலிருந்து மைதானங்களுக்குத் தனிக்குழாய் போகிறது.

மைதானத்தில் நின்று பார்த்தால் இதன் அடையாளம் தெரியும். புல்லோடு புல்லாகப் படுத்திருக்கும் தெளிப்பான் தலையின் மூடி ஊதா நிறத்தில் இருந்தால், அது மீட்டெடுத்த நீர்க்குழாய். குழாயடியில் "குடிநீர் அல்ல" என்று ஸ்பானிய மொழியில் பலகை இருக்கும். பகலில் அவை தலைதூக்குவது அபூர்வம். இரவில் ஆட்டக்காரர்கள் போனபின், காற்று அடங்கியபின், வரிசை வரிசையாக எழும்பிச் சுழலும். ஆவியாகும் நீர் குறையும், ஆட்கள் மீதும் படாது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று உண்டு. புல் அதிகமாகக் குடிக்கும் மாதம் ஜூலை, ஆகஸ்ட். அப்போது கோல்ஃப் ஆட வருபவர்கள் குறைவு, ஆனால் கடற்கரைக்கு வருபவர்களால் ஊர்களின் மக்கள்தொகை வீங்கியிருக்கும். ஆட்கள் கூடினால் கழிவுநீர் கூடும். 160 லிட்டரில் 80 சதவீதம் சாக்கடைக்குப் போகிறது என்று வைத்தால், ஏறத்தாழ 14,000 பேரின் கழிவுநீர் ஒரு மைதானத்தின் உச்சத் தேவையைத் தீர்த்துவிடும். மழை ஏமாற்றினாலும் சாக்கடை ஏமாற்றுவதில்லை. வறட்சியின் நடுவிலும் சோல்ஹைம் கோப்பைச் சமயத்தில் கடற்கரை மைதானங்கள் பச்சையாக இருக்க முடிந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

"எப்படியும் கடலுக்குப் போகும் தண்ணீர்தானே?"

கோல்ஃப் தரப்பின் வலுவான வாதம் இது, பெருமளவு சரியும்கூட. மாட்ரிட் போன்ற உள்நாட்டு நகரத்தில் சுத்திகரித்த நீரை ஆற்றில் விட்டால் கீழே இருக்கும் ஊரோ வயலோ அதை எடுத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் அப்படி இல்லை, நேரே கடல்தான். மைதானம் எடுத்துக்கொண்டால் யாருடைய பங்கும் குறைவதில்லை என்பது தர்க்கம்.

இரண்டு இடத்தில் அந்தத் தர்க்கம் தடுக்குகிறது.

ஒன்று, வேறு யாரும் கேட்காதவரைதான் அது செல்லும். மலாகாவுக்குக் கிழக்கே அக்சார்கியா பகுதி அவகாடோவுக்கும் மாம்பழத்துக்கும் பேர்போனது. ஐரோப்பாவில் இவற்றை வணிகமாகப் பயிரிட முடிகிற வெகுசில இடங்களில் அதுவும் ஒன்று. லா வின்யுவேலா வற்றியபோது அந்த விவசாயிகளின் பாசன ஒதுக்கீடு அறவே நின்றது, மரங்களை வெட்டிக் கட்டையாக்கி உயிரை மட்டும் காப்பாற்றியவர்கள் உண்டு. அப்போது அவர்களும் மீட்டெடுத்த நீரைத்தான் கேட்டார்கள், வேலெஸ்-மலாகா நிலையத்து நீர் வயலுக்குத் திருப்பப்பட்டது. இத்தனைக்கும், உண்ணும் பயிருக்கான ஐரோப்பியத் தர விதிகள் கோல்ஃபை விடக் கடுமையானவை. யாருக்கும் வேண்டாத நீர் என்று இனி அதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, உப்பு. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு கிருமியை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. கடலோரச் சாக்கடைகளில் கடல்நீர் கசிந்து புகுவதும் உண்டு. அந்த நீரையே ஆண்டுக்கணக்கில் பாய்ச்சினால் மண்ணில் உப்பு சேரும். அருகம்புல் தாங்கிக்கொள்ளும், பென்ட் புல் தாங்காது. உப்பைக் கீழே அலசிவிட அவ்வப்போது தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும், அல்லது நல்ல தண்ணீரைக் கலக்க வேண்டியிருக்கும். கிணற்று நீரின் மீது கண் போவது இந்த இடத்தில்தான். மீட்டெடுத்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் உரச்செலவு மிச்சம் என்பது இதன் நல்ல பக்கம். மைதானத்துக் குட்டைகளில் பாசி பிடிப்பதற்கும் அதே சத்துதான் காரணம்.

உண்மையான கேள்வி வேலிக்கு வெளியே

இப்போது மனை விலைக்குத் திரும்புவோம்.

ஒரு மைதானத்தைச் சுற்றி வீடுகள். வசதியான ஒரு வீட்டில் 1,000 சதுர மீட்டர் புல்தரை இருப்பதாகக் கொள்வோம். மைதானத்துக்குப் போட்ட அதே 900 மில்லிமீட்டர் கணக்கில், அந்தப் புல்தரைக்கு ஆண்டுக்கு 900 கன மீட்டர் வேண்டும். ஆளுக்கு 160 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 58 கன மீட்டர். அதாவது ஒரு வீட்டுப் புல்தரை 15 பேரின் தண்ணீரைக் குடிக்கிறது. இப்படி 350 வீடுகள் இருந்தால் அவற்றின் புல்தரைகள் மட்டும் ஒரு முழு கோல்ஃப் மைதானத்துக்குச் சமம். நீச்சல்குளத்திலிருந்து ஆவியாவது தனி.

அடுக்குமாடிகளில் இந்த அளவு வராது. எல்லா வீட்டிலும் இவ்வளவு தோட்டம் இல்லை. ஆனாலும் அடிப்படை வித்தியாசம் மாறாது. மைதானத்துக்கு வருவது பெருமளவு மீட்டெடுத்த நீர். வீட்டுத் தோட்டத்துக்கு வருவது பெரும்பாலும் குடிநீர்க்குழாய் நீர். ஊதாக் குழாய் வீடுகள் வரை போடப்படவில்லை. வறட்சிக் காலத்தில் குடிநீரால் தோட்டம் நனைக்கத் தடை போட்டார்கள், நீச்சல்குளம் நிரப்பக் கட்டுப்பாடு விதித்தார்கள். ஆனால் ஒவ்வொரு வேலிக்குள்ளும் எட்டிப் பார்க்க எந்த ஊராட்சியிடமும் ஆள் கிடையாது.

ஆக, ஒரு புதிய கோல்ஃப் திட்டம் வந்தால் "புல்லுக்கு எந்தத் தண்ணீர்?" என்று கேட்பதோடு நிறுத்துவது போதாது. அதற்கு நல்ல பதில் தயாராக இருக்கும். கேட்கவேண்டியது: அந்த மைதானத்தைக் காட்டி எத்தனை வீடு விற்கப்போகிறீர்கள், அந்த வீடுகளுக்குக் குடிநீர் எந்தத் தேக்கத்திலிருந்து வரும்? மார்பெல்லாவின் வரலாறு இந்தக் கேள்வியை இன்னும் அவசரமாக்குகிறது. கட்டட அனுமதி ஊழலுக்காக 2006-இல் அந்த ஊரின் நகரமன்றமே கலைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகள் முறையான அனுமதி இல்லாமல் எழுந்திருந்தன. அவற்றை வரன்முறைப்படுத்த 2010-இல் போட்ட நகரத் திட்டத்தையும் 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீர்த்தேக்கத்தின் அளவு மாறவில்லை, அதை நம்பிய வீடுகளின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனது.

குழிகளை அடைத்தவர்களின் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். இந்தக் கடற்கரையைப் பொறுத்தவரை, அந்தக் கோபம் வேலியின் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

இனி என்ன

2025 மார்ச்சில் தொடர் புயல்மழை பெய்தது. லா வின்யுவேலா பாதிக்கு மேல் நிரம்பியது. லா கொன்செப்சியோனில் மதகைத் திறந்து தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டி வந்தது. வறட்சிச் செய்திகள் முதல் பக்கத்திலிருந்து மறைந்தன. தண்ணீருக்கான வேலைகள் தள்ளிப்போவது வழக்கமாக இந்த மாதிரி சமயத்தில்தான்.

செய்யவேண்டிய வேலையோ தெளிவாக இருக்கிறது. குளிர்காலத்தில் புல் குறைவாகக் குடிக்கிறது, ஆனால் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் மீட்டெடுத்த நீரைச் சேர்த்துவைக்கக் குளங்கள் போதாததால், பெரும்பகுதி கடலுக்குப் போகிறது. அதைப் பிடித்துவைத்தால் கோடையில் மைதானமும் அவகாடோ தோப்பும் ஒரே குழாய்க்குச் சண்டை போடவேண்டியதில்லை. அடுத்தது, ஊதாக் குழாயை வீட்டுத் தோட்டங்கள் வரை நீட்டுவது. இப்போது அது பல இடங்களில் கடைசி ஃபேர்வேயின் ஓரத்தில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து முதல் வரிசை வீட்டின் புல்தரைக்குச் சில மீட்டர் தூரம்தான்.